கடல் கடந்து கற்கச் செல்வோர்க்கு ஒரு கணக்கு



விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது நம் பள்ளிக்கு ஒரு நாள் சென்றேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அக்கா, வெளிநாட்டில் படிக்க எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டனர். ஒருத்தி, "ஜெர்மனியில் படிப்பு இலவசமாமே, உண்மையா?" என்றாள். மணி அடிக்கும் அவசரத்தில் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள், "வாயால் சொன்னது மறந்து போகும். ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு. பெற்றோரும் படிப்பார்கள்" என்று பணித்தார்கள். அதன் விளைவே இக்கட்டுரை.

நான் ஜெர்மனியில் முதுநிலைப் பொறியியல் பயின்றவள். 2022 செப்டம்பரில் சென்றேன், 2025-இல் முடித்தேன். இரண்டு ஆண்டில் முடிய வேண்டிய படிப்பு மூன்று ஆண்டு ஆயிற்று. அதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று, கணக்குக் குறைவு. அதனையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். கடலைத் தாண்டிப் போடும்போது இன்னும் நன்றாக அளக்க வேண்டாமா?

இலவசம் என்பதன் பொருள்

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. இது உண்மையே. ஆயினும் இதற்கு விலக்குகள் உண்டு. ஸ்டுட்கார்ட், ஹைடல்பர்க் முதலிய நகரங்களைக் கொண்ட பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம், 2017-ஆம் ஆண்டு முதல், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவரிடம் பருவம் ஒன்றுக்கு 1,500 யூரோ பெறுகிறது. ஆண்டுக்கு இரண்டு பருவம். ஆக 3,000 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ஆம் ஆண்டுக் குளிர்காலப் பருவம் முதல், புதிதாகச் சேரும் இத்தகைய மாணவரிடம் பருவத்துக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை வசூலிக்கத் தொடங்கியது. தனியார் கல்லூரிகளின் கட்டணமோ தனி. எனவே 'ஜெர்மனி இலவசம்' என்று பொதுவாகப் பேசாமல், எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்று கேட்டறிதல் வேண்டும்.

கட்டணம் இல்லாத இடத்திலும் பருவப் பங்களிப்பு என்று ஒன்று உண்டு. மாணவர் நலச் சங்கத்துக்கும், பல இடங்களில் பயணச் சீட்டுக்கும் சேர்த்துப் பெறும் தொகை அது. இடத்துக்கு ஏற்ப ஏறத்தாழ 100 முதல் 400 யூரோ வரை ஆகும்.

படிப்புக்குப் பணம் இல்லை என்றாலும் உண்ணவும் உறங்கவும் பணம் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாந்து போகின்றனர்.

பூட்டிய கணக்கு

விசா கேட்கும் மாணவி, ஓராண்டு உணவுக்கும் உறைவிடத்துக்கும் தன்னிடம் பணம் உண்டு என்று மெய்ப்பிக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலோர் கையாளும் வழி 'ஸ்பெர்கோன்டோ' என்னும் பூட்டிய கணக்கு. ஓராண்டுத் தொகையை முன்கூட்டியே அதில் செலுத்திவிட வேண்டும். ஜெர்மனி சேர்ந்து, அங்கே ஒரு சாதாரண வங்கிக் கணக்கைத் தொடங்கிய பிறகு, மாதந்தோறும் ஒரு பங்கு மட்டும் அதிலிருந்து வரும்.

இது கட்டணம் அன்று, நம் பணமே. நாம் அங்கே பட்டினி கிடவாதிருக்கச் செய்த ஏற்பாடு. இத்தொகை நிலையானதும் அன்று. 2018-இல் ஆண்டுக்கு 8,640 யூரோவாக இருந்தது. நான் சென்ற 2022-இல் 10,332. 2023 ஜனவரியில் 11,208 ஆயிற்று. 2024 செப்டம்பரில் 11,904 ஆக உயர்ந்தது. அதாவது மாதத்துக்கு 992 யூரோ. நீங்கள் செல்லும் ஆண்டில் எவ்வளவு என்பதை, சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கணக்குக்கு எளிதாக, ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று கொள்வோம். 11,904 யூரோ என்றால் 11,90,400 ரூபாய். இரண்டு ஆண்டுக்கு 23,80,800 ரூபாய். இரண்டாம் ஆண்டுப் பணம் முதல் நாளே கையில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது எங்கிருந்து வரும் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது மீண்டும் கேட்பார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் சொந்தப் பணத்தைக் கல்விக்காக வெளிநாட்டுக்கு அனுப்பினால், மிகுதித் தொகைக்கு மட்டும் வங்கியார் வரி பிடிப்பர்; 2025-26 நிதியாண்டில் அது ஐந்து விழுக்காடு. வங்கியில் பெற்ற கல்விக் கடனை அனுப்பினால் அவ்வாறு பிடிப்பதில்லை. பிடித்த வரியை ஆண்டு வரிக் கணக்குத் தாக்கலில் சரிசெய்துகொள்ளலாம். என்றாலும், அனுப்பும் நாளில் அந்தப் பணமும் கையில் இருக்க வேண்டும் அல்லவா?

புறப்படுமுன் ஆகும் செலவு

பூட்டிய கணக்கை மட்டும் எண்ணி மற்றவற்றை மறப்பது வழக்கம். ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்போம்.

கடவுச்சீட்டு: 1,500 ரூபாய்.
ஆங்கிலத் தேர்வு: ஏறத்தாழ 18,000.
நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று: 18,000. இது 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்க்குக் கட்டாயமாயிற்று.
யூனி-அசிஸ்ட் வழியாக ஐந்து விண்ணப்பங்கள்: முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ; ஆக 195 யூரோ, அதாவது 19,500 ரூபாய்.
விசா: 75 யூரோ, அதாவது 7,500 ரூபாய்.
விமானப் பயணம்: சுமார் 50,000.
கம்பளி உடை, பெட்டி முதலியன: 15,000.
பூட்டிய கணக்கின் கட்டணம், நகல்கள், சென்னைப் பயணங்கள்: 15,500.
முதல் மாதக் கைச்செலவு: 1,000 யூரோ, அதாவது 1,00,000 ரூபாய்.

ஆக மொத்தம் 2,45,000 ரூபாய்.

கடைசியில் எழுதிய கைச்செலவைக் குறைத்துவிடாதீர்கள். பூட்டிய கணக்கின் முதற்பங்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் வாடகையும், வீட்டு முன்பணமும் கேட்பார்கள். முன்பணம், கணப்புச் செலவு சேராத மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். அதையும் மூன்று தவணையாகக் கொடுக்க உரிமை உண்டு. இதை அறியாமல் முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டுத் தவித்தவர் பலர். நேரில் பாராத வீட்டுக்கு, ஊரிலிருந்தே முன்பணம் அனுப்புவதும் ஆபத்தே.

மாதச் செலவு

சிக்கனமான ஒரு மாணவி, மாணவர் விடுதியில் தங்கினால் அவளது மாதக் கணக்கு ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்:

வாடகை 380 யூரோ, மருத்துவக் காப்பீடு 150, உணவு 200, பருவப் பங்களிப்பின் மாதப் பங்கு 50, வானொலிக் கட்டணம் 18, தொலைபேசி 15, புத்தகம், நகல் 25, உடை, காலணி 40, வீட்டுப் பொருள் 30. மொத்தம் 908 யூரோ. 992-இல் மீதி 84.

மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் சிக்கனம் பிடிக்க இயலாது. வானொலிக் கட்டணம் என்பது, வீட்டில் வானொலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடியிருப்பும் செலுத்துவது. ஒரே வீட்டில் மூவர் இருந்தால் ஒரு கட்டணத்தை மூவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

இதே மாணவி மியூனிக் நகரில் தனியார் வீட்டில் 600 யூரோவுக்கு ஓர் அறை எடுத்ததாகக் கொள்வோம். மற்றச் செலவு எதுவும் மாறவில்லை. மொத்தம் 1,128 ஆகிவிடும். மாதம் 136 யூரோ துண்டு விழும். ஆண்டுக்கு 1,632 யூரோ, அதாவது 1,63,200 ரூபாய். அவள் ஒரு வேளை குறைவாக உண்டும், பேருந்துக்குப் பதில் நடந்தும் இதை ஈடு செய்ய முடியுமா? முடியாது. ஆகவே நகரத்தைத் தேர்ந்தெடுப்பதே முதற்சிக்கனம். லைப்சிக், கெம்னிட்ஸ், மாக்டபர்க் போன்ற கிழக்குப் பகுதி நகரங்களில் வாடகை குறைவு. படிப்போ தரத்தில் குறைந்ததன்று. சேர்க்கைக் கடிதம் கிடைத்த அன்றே மாணவர் விடுதிக்கு எழுதிப் போடுங்கள். அங்கே காத்திருப்போர் வரிசை நீளமானது.

எங்கள் வீட்டில் நேர்ந்த பிழை

என் தந்தையார் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுபவர். பிறர் கணக்கில் ஒரு பைசா பிசகாதவர். என் கணக்கில்தான் பிசகினார். நானும் உடன் பிசகினேன்.

2022 மே மாதம் எனக்குச் சேர்க்கைக் கடிதம் வந்தது. வீடே மகிழ்ந்தது. ஜூன் மாதம்தான் வங்கிக்குச் சென்றோம். அடமானத்துக்குப் பட்டா கேட்டார்கள். வீட்டின் பட்டா இன்னும் காலஞ்சென்ற என் தாத்தா பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்ற அத்தைமார் இருவரின் ஒப்புதலும், வாரிசுச் சான்றும் வேண்டும். அதற்குள் விசா நாள் நெருங்கிவிட்டது. கையில் மூன்றேகால் லட்சம் இருந்தது. இன்னும் ஐந்து லட்சம் வேண்டும். ஊரிலிருந்த ஓர் ஆலோசகர், "இப்போதைக்கு வெளியில் வாங்கிக் கட்டுங்கள். பெண் அங்கே போய் வேலை பார்த்து மூன்று மாதத்தில் அடைத்துவிடுவாள்" என்றார். மூன்று வட்டிக்கு வாங்கினோம். மாதம் 15,000 ரூபாய் வட்டி.

எனக்கு மாதம் 861 யூரோ வந்தது. அதில் 185 யூரோவை வட்டிக்கு வீட்டுக்கு அனுப்பினேன். மீதி 676. என் அறை வாடகையோ 480. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு, இரவு நேரத்தில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை செய்தேன். காலை வகுப்பில் தூங்கினேன். இரண்டு பாடங்களில் தோற்றேன். அவற்றின் தேர்வு மறு ஆண்டுதான் நடக்கும் என்றார்கள்.

வீட்டுக்குப் பேசும்போதெல்லாம், "நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டாச்சு" என்றே சொன்னேன். அவர்களும், "இங்கே ஒரு கஷ்டமும் இல்லை, நீ படி" என்றே சொன்னார்கள். இரு பக்கமும் பொய். அன்பினால் சொன்ன பொய்தான். ஆனால் அதற்கும் வட்டி ஏறிக்கொண்டேயிருந்தது.

ஓராண்டு கழிந்த பின், மாணவர் நலச் சங்கத்து ஆலோசகரிடம் சென்று உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு தாளை எடுத்து என் வரவு செலவை எழுதச் சொன்னார். விடுதியில் 290 யூரோவுக்கு ஓர் அறை கிடைக்க வழி செய்தார். அன்றிரவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் திருமணத்துக்கென்று சேர்த்திருந்த நகையை விற்று, ஐந்து லட்சத்தையும் அம்மா அடைத்துவிட்டார்கள். நான் அழுதபோது, "வளையல் கையில கெடந்தா என்ன, பெட்டியில கெடந்தா என்ன? இதை மொதல்லயே கேட்டிருந்தா மொதல்லயே குடுத்திருப்பேனே" என்றார்கள்.

அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் உள்ளது. முதலிலேயே கேட்டிருந்தால் 1,80,000 ரூபாய் வட்டி மிஞ்சியிருக்கும். நான் ஓராண்டில் வட்டிக்கு அனுப்பியது 2,220 யூரோ. அதனால் கூடுதலாகப் படித்த ஓராண்டுக்குக் காட்ட வேண்டியிருந்த தொகை 11,208 யூரோ. பிறகு பட்டா மாறியது; வங்கிக் கடன் கிடைத்தது; படிப்பும் முடிந்தது. இப்போது அங்கேயே பணியில் இருக்கிறேன். ஆனால் போன ஓராண்டு போனதுதான்.

கடன் வாங்குவோர் கவனிக்க

வங்கிக் கல்விக் கடனில், பொதுவாக 7,50,000 ரூபாய்க்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பர். வெளிநாட்டுப் படிப்புக்குச் செலவில் 15 சதவீதத்தைக் குடும்பத்தார் ஏற்க வேண்டும் என்பதும் பல வங்கிகளின் வழக்கம். தவணை, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தொடங்காது. ஆனால் தவணைதான் தொடங்காதே தவிர, வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். இதைப் பலர் உணர்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 15 லட்சம் ரூபாய், பத்து சதவீத வட்டி, பணம் முழுவதும் முதலிலேயே பெற்றதாகக் கொள்வோம். மூன்று ஆண்டில் வட்டி 4,50,000. அதைச் சேர்த்துப் பத்து ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 25,800 ரூபாய். படிக்கும் காலத்திலேயே மாத வட்டி 12,500-ஐக் கட்டி வந்தால், பின்னர் தவணை ஏறத்தாழ 19,800 மட்டுமே. கட்ட இயன்றவர்கள் கட்டிவிடுவது நலம். பழைய வரிமுறையைப் பின்பற்றுவோர்க்கு, கட்டும் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிச் சலுகையும் உண்டு.

உதவித்தொகையும் வேலையும்

ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான 'டாட்' வழங்கும் உதவித்தொகைகள் பல. 'டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம்' என்பது மாதம் 300 யூரோ. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். மைய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, பட்டியல் சாதியினர் முதலியோருக்கு உரியது. அதில் 30 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையும் அயல்நாட்டு உயர்கல்விக்கு உதவுகிறது. கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் கிடைக்கும் என்று நம்பி அதை வரவில் எழுதிவிட வேண்டாம்.

வேலையும் அவ்வாறே. 2024 மார்ச் முதல், ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய மாணவர்க்கு அனுமதி உண்டு. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வாரம் பத்து மணி வேலை செய்தால் நான்கு வாரத்துக்கு 556 யூரோ. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது! ஆனால் ஜெர்மன் மொழி தெரியாதவளுக்கு முதற்பருவத்தில் வேலை கிடைப்பதே அரிது. எனவே முதல் ஆண்டுக் கணக்கில் வேலை வருமானத்தைச் சுழியம் என்றே எழுதுங்கள். கிடைத்தால் அது சேமிப்பு. கிடைக்காவிட்டால் துன்பம் இல்லை.

எப்போது தொடங்குவது?

நம் பிளஸ் டூ முடித்தவுடன் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேராகச் சேருவது பொதுவாக எளிதன்று. இங்கே பட்டம் பெற்று, முதுநிலைக்குச் செல்வோரே மிகுதி. ஆகவே இன்று பன்னிரண்டாம் வகுப்பில் உள்ள உங்களுக்கு நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. அது பெரும் செல்வம்.

மாதம் 5,000 ரூபாய் தொடர் வைப்பில் போட்டால், நான்கு ஆண்டில் வட்டி நீங்கலாக 2,40,000 ரூபாய் சேரும். புறப்படுமுன் ஆகும் செலவு என்று மேலே கண்டோமே, அது ஏறத்தாழ முழுவதும் அடங்கிவிடும். மாதம் ஐயாயிரம் இயலாத வீட்டில் இரண்டாயிரம் போடட்டும். சிறு துளி பெருவெள்ளம்.

கல்லூரியின் முதலாம் ஆண்டில் ஜெர்மன் மொழியைத் தொடங்குங்கள். இரண்டாம் ஆண்டில் வீட்டுப் பத்திரம், பட்டா யார் பெயரில் உள்ளது என்று பெற்றோர் பார்த்துவிடட்டும். மூன்றாம் ஆண்டில் கடவுச்சீட்டு எடுத்து, கட்டணமில்லாப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை எழுதுங்கள். இறுதியாண்டில் ஏ.பி.எஸ். சான்று, விண்ணப்பம், வங்கி. குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். விண்ணப்பத்தின் இறுதி நாள் பல இடங்களில் ஜூலை 15. சில படிப்புகளுக்கு இன்னும் முன்னதாகவே முடிந்துவிடும். சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்பே வங்கியாரிடம் பேசி வைக்க வேண்டும்.

மேலே கண்ட கணக்கின்படி இரண்டு ஆண்டுக்கு மொத்தம் 26,25,800 ரூபாய். இதில் கடன் 15 லட்சம், சேமிப்பு 2,40,000 போக, மீதி 8,85,800. இது எங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். விடை எழுத முடிந்தால் துணிந்து செல்லுங்கள். முடியாவிட்டால் ஓராண்டு இங்கே வேலை பார்த்துச் சேர்த்துவிட்டுச் செல்லுங்கள். தாமதமாகச் செல்வது தோல்வி அன்று. வட்டிக்கு வாங்கி விரைந்து செல்வதைவிட அது விரைவான வழி; என் வாழ்வே அதற்குச் சான்று.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எதை அடகு வைத்தீர்கள் என்பதை மகளிடம் மறைக்காதீர்கள். அவள் அஞ்சிவிடுவாள் என்று எண்ண வேண்டாம். தெரிந்தால்தான் அளந்து செலவு செய்வாள். தங்கையரே, நீங்களும் மாதந்தோறும் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, அதை அப்படியே வீட்டுக்கு அனுப்புங்கள். துண்டு விழுந்தால் விழுந்தது என்று எழுதுங்கள்.

இந்தப் பள்ளியில் கணக்குப் பாடத்தில் விடை தவறினாலும், வழிமுறையை மறைக்காமல் எழுதினால் மதிப்பெண் உண்டு என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். நான் அதை அங்கே போய் மறந்தேன். நீங்கள் மறவாதிருங்கள். நன்றாகக் கணக்கிட்டு, நல்லபடி சென்று, நன்கு கற்றுத் திரும்பி வாருங்கள்!

— முன்னாள் மாணவி ஒருத்தி